மாறாத வேட்பாளர்

கல்லாற்றுத்துறைத் தொகுதியில் கடந்த ஐந்து தேர்தலிலும் ஜெயித்தவர் வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சிதான், கட்சிதான் தேர்தலுக்கொன்று. இப்போது ஆறாவது கட்சியில் நிற்கிறார்.

பிரச்சார ஆட்டோவில் மைக் பிடிக்கும் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். “ஏலே, தொகுதி வரலாறு பேசு. நான் மாறினேன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. பொய்யும் கூடாது, ஜனங்க செருப்பைத் தூக்கிருவாங்க. தப்பினா உன் வேலை போச்சு!”

“ஆகட்டும் அண்ணாச்சி.”

அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ ஆற்றங்கரையில் நின்றது. அக்கரை ஜனம் வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கி நடந்து வந்தது.

“வாக்காளப் பெருமக்களே! அண்ணாச்சி மாறவே இல்லை! முதல் தேர்தலில் கட்டித் தருவேன் என்ற அதே பாலத்தைத்தான் இன்றும் கட்டித் தருவேன் என்கிறார்!”

நனைந்த ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார்.

“இதுல எது பொய், அண்ணாச்சி?” என்று சுடலைமுத்து பணிவாகக் கேட்டான். அதுவும் ஒலிபெருக்கியில் அக்கரை வரை கேட்டது.