ராஜாவின் எழுதும் கை

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்தில் சேந்தகேசரி என்றொரு ராஜா இருந்தார். எவ்வளவு முன்னொரு காலம் என்று கணக்குக் கேட்காதீர்கள். அவரிடம் சிங்காதனம் இருந்தது, வெண்சாமரம் இருந்தது, கூடவே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனது. நம்புகிறவர்கள் மேலே கேளுங்கள்.

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து ராஜாவுக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. அதன் விலாவில் யூ.எஸ்.பி. என்று சின்னச் சின்னப் பொந்துகள் இருந்தன. அதில் ஒரு மவுஸைச் செருகுவார். 'டிங்' என்று சத்தம் வரும், திரையில் அம்பு ஓடும். பிடுங்குவார், 'டொங்' என்னும். எல்லைத் தகராறு பற்றித் தளபதி தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பார். ராஜா டிங், டொங், டிங், டொங் என்று செருகிப் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சபையின் நடுவே திடீரென்று நிமிர்ந்தார்.

"இந்தப் பெட்டி முன்பின் பார்த்திராத ஒன்றைச் செருகுகிறேன். இன்னார் என்று கண்டுகொண்டு அந்தக் கணமே வேலையும் கொடுத்துவிடுகிறது. நம் அரண்மனைக்கு ஒரு சிற்பி வந்தால் என்ன நடக்கிறது? ஒருவர் ஊரைக் கேட்கிறார், ஒருவர் குலத்தைக் கேட்கிறார், உனக்கு இங்கே யாரைத் தெரியும் என்று பிரதானியார் கேட்கிறார். வேலை கிடைப்பதற்குள் அவன் உளி துருப்பிடித்துப் போகிறது! இன்று முதல் இந்தப் பெட்டி எப்படி ஆள் சேர்க்கிறதோ அப்படியேதான் இந்த அரண்மனையும் சேர்க்க வேண்டும். இம்மியும் பிசகக் கூடாது."

சபையோர் தலையாட்டினார்கள். ஒரே ஒருவன் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான். சபை விகடகவி மருதக்கூத்தன். வாயைக் கட்டிப்போட அவனுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

"சிரிப்பா? அப்படியானால் நீயே நடத்திக் காட்டு. பிசகினால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்" என்றார் ராஜா.

கூத்தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் நின்றது. கல்யாணமான வருஷம் அவனும் மனைவியும் சேர்ந்து நட்டது. இத்தனை காலம் மலடு என்று பேர் வாங்கிவிட்டு, இந்த வருஷம்தான் வேரடியில் ஒரே ஒரு பிஞ்சு விட்டிருந்தது. அதைத் தின்று பார்க்காமல் ஊரை விட்டுப் போவதா? நினைக்கவே அவனுக்கு அழுகை வந்தது.

எதிர்வரிசையில் பிரதானி வாமதேவருக்கோ உள்ளம் குளிர்ந்தது. தம் பெரிய தலைப்பாகையைப் பார்த்து, 'இது தானாக நடக்கிறதா, இதைத் தூக்கிக்கொண்டு யாராவது நடக்கிறார்களா' என்று கூத்தன் ஒருமுறை கேட்டதை அவர் மறக்கவே இல்லை.

கூத்தன் நேரே துறைமுகத்துக்கு ஓடினான். கப்பலில் பாய் விரிக்க இருந்த வியாபாரியைப் பிடித்து, பெட்டி ஆள் சேர்க்கும் வழியை அடியிலிருந்து நுனிவரை கேட்டுக்கொண்டான். மறுநாள் அரண்மனை வாசலே மாறிவிட்டது.

வாசலில் இரண்டு மணிக்கயிறுகள் தொங்கின. நிதானமாகப் பேசுகிறவன் இடக்கயிற்றை இழுக்க வேண்டும், வேகமாகப் பேசுகிறவன் வலக்கயிற்றை. எந்த மணி ஆடுகிறது என்பதிலிருந்தே வந்தவனோடு எந்த வேகத்தில் பேசுவது என்று தெரிந்துவிடும். மணியின் ஆட்டம் நிற்கும்வரை வாயிற்காவலன் உத்தண்டி காத்திருப்பான். பிறகு வந்தவன் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பான்.

"இது எதற்கு?" என்று பதறினார் ராஜா.

"பெட்டியும் முதலில் இதைத்தான் செய்கிறது, மகாராஜா. அதுவரை நீ எப்படி இருந்தாயோ அதையெல்லாம் மறந்துவிட்டுப் புதிதாக நில் என்கிறது. அந்த நேரத்தில் வந்தவனுக்குப் பேர் பூஜ்யம். பூஜ்யமாக ஒருவன் நிற்கும்போது இன்னொருவனுக்குக் கதவு திறக்காது. இருவரும் பூஜ்யம் என்றால் பதில் சொல்வது யார் என்று தெரியாதே! அவன் ஒரே மூச்சில் எவ்வளவு பேசுவான் என்று முதலில் பார்த்துக்கொண்டு ஓர் எண் கொடுப்போம். அப்புறம் அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவன் வாய் திறக்கலாம். கேட்காமல் பேசவே கூடாது."

"சாப்பாடு?"

"வாசலில் ஒரு டம்ளர் மோர் மட்டும். நீ யார், என்ன வேலை தெரியும், எவ்வளவு தீனி வேண்டும் என்று கேட்போம். அவன் சொல்வதை அப்படியே நம்புவோம். அவன் தொழிலின் பாஷையை நமக்கு எடுத்துச் சொல்லும் துபாஷி ஒருவரை நம்மிடமிருந்து தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்துவோம். பிறகுதான் 'ஆரம்பி' என்போம், கேட்ட சாப்பாட்டையும் போடுவோம். கொடுக்க முடியாத அளவுக்குக் கேட்டால் வந்த வழியே போகலாம்."

அன்றைக்கே ஒரு வீணைக்காரி வந்தாள். தண்ணீர் கவிழ்ந்தது, எண் கிடைத்தது, சங்கீத வித்துவான் துபாஷியாக வந்தார். வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வீணை ஒலித்தது. தலை மட்டும் ஈரம். ராஜா குழந்தைபோல் கைதட்டினார்.

அடுத்து வந்தவர் ஒட்டகத்துக்குப் பல் கட்டுகிறவர். அந்தத் தேசத்தில் ஒட்டகமே கிடையாது. துபாஷிக்கு எங்கே போவது? 'மாட்டிக்கொண்டான்' என்று வாமதேவர் நாற்காலி நுனிக்கு வந்தார். கூத்தன் அலட்டிக்கொள்ளாமல் மஞ்சளைக் குழைத்துப் பல்காரர் நெற்றியில் ஒரு முக்கோணம் வரைந்து, மரியாதையாக ஒரு மூலையில் உட்கார்த்தினான்.

"துபாஷி இல்லாவிட்டால் பெட்டியும் இப்படித்தான் மஞ்சள் குறி போட்டு ஓரமாக வைக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்."

ராஜா எதையோ செருகிப் பார்த்தார். திரையில் மஞ்சள் முக்கோணம். "அட, ஆமாம்!" என்றார்.

வாமதேவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் யோசித்தார். யோசித்ததில் ஓட்டை கிடைத்தது. வந்தவன் சொல்வதைப் பெட்டி அப்படியே நம்புகிறது அல்லவா? 'நான் கீபோர்டு' என்று எந்தப் போக்கிரி புளுகினாலும் நம்பும். பிறகு அவன் தட்டுவதெல்லாம் பெட்டிக்கு உடையவரே தட்டியதாகிவிடும்!

மைத்துனன் கட்டியப்பனைக் கூப்பிட்டார். சாப்பாட்டைத் தவிர வேறொரு கலையும் அறியாதவன் அவன்.

"வாசலில் யார் என்று கேட்டால், 'நான் ராஜாவின் எழுதும் கை' என்று சொல். நீ எழுதுவது ராஜகட்டளை. 'மருதக்கூத்தனை நாடு கடத்துக' என்று எழுதிவிட்டு வந்துவிடு."

"சாப்பாடு, அத்தான்?"

"மோர் போதும் என்று சொல்லடா. கொஞ்சமாகக் கேட்டால்தான் உடனே சேர்ப்பார்கள்."

கட்டியப்பன் முகம் வாடியது. ஆனால் அக்காள் புருஷனை எதிர்த்துப் பேச முடியுமா?

மறுநாள் குடம் கவிழ்ந்து, சொட்டச் சொட்ட நின்றபடி, "நான் ராஜாவின் எழுதும் கை. எனக்கு மோர் போதும்" என்றான் அவன். பிரதானியின் மைத்துனனைப் பார்த்தவுடனே இது யார் வேலை என்று கூத்தனுக்குப் புரிந்துவிட்டது. நம்ப மறுத்தால் விதி பிசகும், நாட்டை விட்டுப் போக வேண்டும். நம்பினால் இவன் எழுதுவான், அப்போதும் போக வேண்டும். வாமதேவர் தூணில் சாய்ந்துகொண்டு பல் தெரியச் சிரித்தார்.

கூத்தன் கொஞ்ச நேரம் பலாப்பிஞ்சை நினைத்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

"மகாராஜா, தங்கள் கை வந்திருக்கிறது. பெட்டி ஒரு கீபோர்டை எப்படி நடத்துமோ அப்படியே இவரை நடத்த உத்தரவு கொடுங்கள்."

"நடக்கட்டும்!"

"பெட்டி கேட்கும்போதுதான் கீபோர்டு சொல்லலாம். ஒரு கேள்விக்கு ஓர் எழுத்து. ஆனால் பெட்டி கேட்பதை மட்டும் நிறுத்தவே நிறுத்தாது. உத்தண்டி, ஆரம்பி."

உத்தண்டி கட்டியப்பன் காதருகே குனிந்தான். "எழுத்து உண்டா?"

"ம" என்றான் கட்டியப்பன். சபை நடுவே இருந்த பெரிய பலகையில் கணக்கர் சுண்ணாம்பால் 'ம' என்று எழுதினார்.

"எழுத்து உண்டா?"

"ரு."

"எழுத்து உண்டா?"

மூச்சுவிட நேரமில்லை. எச்சில் விழுங்கினால், "உண்டா?" தலை சொறிந்தால், "உண்டா?" இல்லை என்றால் அடுத்த கணமே மறுபடியும் "உண்டா?" பலகையில் 'மருதக்கூத்தனை' என்று நிறைந்தது. ராஜா புருவத்தை உயர்த்தினார். கூத்தனோ மடைப்பள்ளிக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது மத்தியான வேளை.

'நாடு' என்று பலகையில் விழுந்தபோது கதவு திறந்தது. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை சபைக்குள் வந்தது. சபையோருக்கு இலை போட்டார்கள். கட்டியப்பனுக்கு, அவன் கேட்டபடியே, ஒரு டம்ளர் மோர்.

"எழுத்து உண்டா?"

"இல்லை."

"உண்டா?"

"இல்லை ஐயா..."

"உண்டா?"

பக்கத்து இலையில் பாயசம் விழும் சத்தம் கேட்டது. கட்டியப்பன் கண்ணில் நீர் தளும்பியது.

"சோ" என்றான்.

"உண்டா?"

"று!"

அதற்குப் பிறகு வெள்ளம்தான். கணக்கரின் கை ஓடி ஓடி ஓய்ந்தபோது பலகையில் இப்படி இருந்தது: 'மருதக்கூத்தனை நாடு சோறு பசிக்குது அத்தான் நீங்க சொன்னதைக் கேட்டு வந்தேனே அத்தான்.'

ராஜா ஒருமுறை படித்தார். தம் வலக்கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் கூத்தா, என் கைக்கு அத்தான் யார்?"

எல்லாத் தலைகளும் பிரதானி பக்கம் திரும்பின. அந்த இடம் காலி. வாமதேவர் பக்கவாட்டுக் கதவால் நழுவிவிட்டிருந்தார்.

"கூப்பிடு அவரை!" என்று ராஜா கர்ஜித்தார்.

கூப்பிட்டார்கள். வெளியே போனவர் உள்ளே வருவதென்றால் வாசல் வழியாகத்தானே வர வேண்டும்? எந்தக் கயிற்றை இழுப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து இழுத்தார். உத்தண்டி மணி அடங்கும்வரை பொறுமையாக நின்றான். பிறகு குடத்தைக் கவிழ்த்தான். அந்தப் பெரிய தலைப்பாகை நனைந்த கோழியாகி அவர் காதில் தொங்கியது.

"யார் நீர்?"

"மடையா, என்னைத் தெரியாதா?"

"தெரியாது. நீர் இப்போது பூஜ்யம். என்ன வேலை தெரியும்?"

"நான் பிரதானியடா!"

"அது பட்டம். வேலை என்ன தெரியும்?"

வாமதேவர் காதில் தொங்கிய தலைப்பாகையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். பதில் சரியில்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து என்பது விதி. இன்னொரு குடம். அதே கேள்வி. இன்னொரு குடம். எவ்வளவு யோசித்தும் தமக்கு என்ன வேலை தெரியும் என்று அந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் உத்தண்டி அவர் நெற்றியில் மஞ்சள் முக்கோணம் போட்டு மூலைக்கு அழைத்துப் போனான். ஒட்டகப் பல்காரர், பாவம், நல்ல மனிதர், நகர்ந்து இடம் கொடுத்தார்.

அதைப் பார்த்ததும் ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மடியில் விழுந்துவிட்டது. கட்டியப்பனுக்கு இலை போடச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

கூத்தன் சிரிக்கவில்லை. "மகாராஜா, அந்தப் பெட்டியிடம் இன்னொரு நல்ல குணம் உண்டு. செருகியதைச் சட்டென்று பிடுங்கினால் அதற்குப் பிடிக்காது. முதலில் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் வேலை முடிந்துவிட்டதா என்று பார்த்து, இனி எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே எடுக்க வேண்டும். தங்கள் தேசத்திலும் யாரையும் வெடுக்கென்று பிடுங்கி எறியக் கூடாது. போ என்பதற்கு முன், கையில் இருக்கும் வேலை முடிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கு அது போதும்."

ராஜா மடியில் கிடந்த கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கோபத்தில் தாம் பிடுங்கி எறிந்தவர்களில் யார் யார் முகம் நினைவுக்கு வந்ததோ! "அப்படியே ஆகட்டும்" என்றார், மெல்லிய குரலில்.

அதற்குப் பிறகும் கூத்தன் வாயை அடக்கவில்லை, ராஜாவுக்கும் அடிக்கடி கோபம் வந்தது. வரும்போதெல்லாம் உத்தண்டியை அவன் வீட்டுக்கு அனுப்புவார்.

"கூத்தா, நாட்டை விட்டுப் போகச் சொல்கிறார் மகாராஜா. கையில் இருக்கும் வேலை முடிந்ததா?"

கூத்தன் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பான். "இன்னும் இல்லை, உத்தண்டி. பலாவில் ஒரு காய் பழுக்க வேண்டியிருக்கிறது."

அதைக் கேட்டதும் ராஜா சிரித்துவிடுவார். அந்த மரமும் அதன் பிறகு ஒரு வருஷம்கூடக் காய்க்காமல் இருந்ததில்லை.