முற்றுகையும் முறுக்கும்

முன்னொரு காலத்தில் வெண்கடம்பு நாடு, வெண்கடம்பு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மருதவர்மருக்கு மூன்றின் மேல் கொள்ளை ஆசை: சதுரங்கம், முறுக்கு, மந்திரி பூவராகர். நல்ல மனுஷர்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் கூடவே ஆணை வரும். ஆணை போட்ட பிறகு அதைத் திரும்ப வாங்க வெட்கம் வரும்.

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அரசரும் மந்திரியும் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்படி ஒரு காயை வைத்தால் "முற்றுகை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்தால் செல்லாது, காயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் அண்டை நாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூவராகர் அடுத்தடுத்து மூன்று தடவை "அரசே, முற்றுகை" என்றார். தூதர்கள் சிரித்துவிட்டார்கள். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளபதி ஆதிமூலம் சும்மா இருப்பாரா? அரசரின் காதோரம் குனிந்து, ஆளுகிற ராஜாவின் முகத்துக்கு நேரே முற்றுகை என்று சொல்வது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று ஓதினார்.

அவ்வளவுதான். இனி அரசரிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் அன்றைக்கே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணை பிறந்தது.

அதன் பிறகு அரசரை யார் ஜெயிக்க முடியும்? பூவராகர் ஏதேதோ சாக்குச் சொல்லி ஆட்டத்துக்கே வரவில்லை. ஆதிமூலம் வந்தார். யானையை வலியக் கொண்டுபோய் வெட்டுக் கொடுப்பார், குதிரையைத் தானம் கொடுப்பார், தோற்றுவிட்டுக் கை தட்டுவார். அரண்மனைச் சமையல்காரர் தீத்தாரப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். அரசர் முன் "முறு" என்று வாயெடுத்து நாக்கு பிறழ்ந்துவிட்டால் என்ன கதி என்று பயந்து, முறுக்கு சுடுவதையே நிறுத்திவிட்டார். தட்டில் வெறும் சீடை வந்தது. அரசருக்கு ஆட்டமும் ருசிக்கவில்லை, பலகாரமும் ருசிக்கவில்லை. ஏன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

ஆறு மாதம் போயிற்று. அரசரின் பிறந்தநாள் சபையில் ஆதிமூலம் வாய் திறந்தார். மந்திரி அரசரோடு ஆடப் பயப்படுகிறார், இன்று எல்லோர் முன்னாலும் ஆடட்டும், தோற்றால் மோதிரத்தைக் கழற்றித் தரட்டும் என்றார். அரசருக்கும் மந்திரி வராமலிருந்த கோபம். சரி என்றுவிட்டார்.

"தோற்காமலிருந்தால், அரசே?" என்று பூவராகர் கேட்டார்.

"என்ன வேண்டுமோ கேளும்."

"நீங்கள் எடுத்துக்கொண்ட வார்த்தையைத் திருப்பிக் கொடுங்கள். அது போதும்."

ஆட்டம் தொடங்கியது. பூவராகருக்கு மோதிரம்கூடப் பெரிதில்லை. வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிட்டால் இந்தக் கோபக்காரரை விட்டே போக வேண்டும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. சின்ன வயதிலிருந்து கூடவே இருந்தவர், அரசர் மேல் அவ்வளவு பிரியம்.

அரசரோ ஆறு மாதமாக யாரும் எச்சரிக்காத மிதப்பில் கண்ட கட்டத்தில் காயை வைத்தார். பூவராகர் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக வெட்டினார். குதிரை போயிற்று, யானைகள் போயின, ராணியும் போனாள். கடைசியில் அரசரிடம் ஒரு மூலையில் ராஜாவும், எதிரே வேறொரு சிப்பாய் வழிமறித்து நின்ற ஒரே ஒரு சிப்பாயும்தான் மிச்சம்.

இப்போது யானையை நகர்த்தினால் கதை முடிந்தது. ஆனால் சொல்ல வேண்டுமே! வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆதிமூலம் கழுத்தை நீட்டிக் காதைக் கொடுத்தார். பூவராகர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். யானையை விட்டுவிட்டு, ராணியை எடுத்து ஒரு கட்டத்தில் மெதுவாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, அந்த ராணி ராஜாவைத் தாக்கவே இல்லை.

அரசர் சிரித்துக்கொண்டே ராஜாவைத் தொட்டார். இடப்பக்கம் ராணியின் வெட்டு. முன்னால் யானையின் வெட்டு. குறுக்கேயும் அப்படித்தான். ஆபத்தான கட்டத்துக்கு ராஜா தானாகப் போகக் கூடாது. சிப்பாயாலும் அசைய முடியாது. அரசரின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"யாரும் என்னைத் தாக்கவில்லை," என்றார். "ஆனால் நகர இடமில்லையே. இது என்ன?"

"இதற்கு முடக்கம் என்று பேர், அரசே. ஆட்டம் சமம். நீங்களும் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை."

"இப்படி மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று முன்னாடியே சொல்லக் கூடாதா ஓய்?"

பூவராகர் கை கூப்பினார். "எப்படிச் சொல்வேன், அரசே? நீங்கள் தடுத்த அந்த வார்த்தை திட்டு இல்லை. ஆபத்து வருகிறது, இன்னும் வழி இருக்கிறது, பார்த்துக்கொள் என்று எதிராளியே சொல்கிற வார்த்தை. அதைத்தானே நீங்கள் வேண்டாம் என்றீர்கள்?"

அரசர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, ஆணையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னார். கழுத்து மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, அவரைக் கட்டிக்கொண்டார். ஆதிமூலத்தின் பக்கம் திரும்பி, "தினமும் என்னோடு ஆடும். என்னை ஒரு தடவை முற்றுகையிட்ட பிறகுதான் உமக்குச் சாப்பாடு," என்றார். தோற்றுத் தோற்றே பழகிய தளபதி பாவம், நாலு நாள் மோரைக் குடித்தே ஓட்டினார்.

மறுநாள் மத்தியானம் அரசரும் மந்திரியும் பழையபடி பலகை முன் உட்கார்ந்து ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். தீத்தாரப்பன் தட்டோடு வந்து பணிவாக நின்றார்.

"அரசே, முறுக்கு."

அரசர் பதறிப்போய் இரண்டு கையாலும் தன் ராஜாவைப் பொத்திக்கொண்டார்.