தொலைந்துபோன ஒரு ‘ர’

தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைத்த பிறகு, சிலர் கூடுவார்கள். சதுரங்கம் எங்கே பிறந்தது, எந்த நாட்டில் மந்திரி ராணி ஆனார், யானை எங்கே ஒட்டகமாக மாறியது என்று விசாரிப்பதுதான் அவர்கள் வேலை. ஒருவரும் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளர் இல்லை. பல் டாக்டர் ஒருவர், பாத்திரக்கடைக்காரர் ஒருவர், இப்படித்தான். ஆர்வம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது.

கடை செண்பகவடிவு என்ற பெண்ணுடையது. கூட்டத்தில் வயதில் சின்னவர் அவர்தான். யார் என்ன உளறினாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார் என்பதால் அவரைக் குரு என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி எப்போதோ போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே அருளப்பன் வந்துவிட்டார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும், தலைமைச் சீடன் தானே என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. கையில் அச்சகத்திலிருந்து வந்த தாள் ஒன்று இருந்தது. கூட்டத்தார் முதன்முதலாகப் போடும் மலரின் ஒரு பக்கம் அது. மறுநாள் அச்சேறுகிறது.

“என்ன அண்ணாச்சி, மொகம் வாடிக் கெடக்கு?”

“பால்வண்ணன் பக்கம், குருவம்மா.”

பால்வண்ணன் அருளப்பனுடைய சிநேகிதர். மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். இந்தக் கூட்டத்துக்கு அவர் விட்டுப்போனது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. ‘சதுரமான ரங்கத்துல ஆடுத ஆட்டம், அதனால சதுரரங்கம். வேகமாச் சொல்லிச் சொல்லி நடுவுல ஒரு ‘ர’வை முழுங்கிட்டோம். அதான் சதுரங்கம்’ என்று அவர் சொன்ன அன்று அறையே அதிர்ந்துபோனது.

“அது தப்பு குருவம்மா. நேத்து நூலகத்துல அகராதியைப் பாத்தேன்.”

குரு எழுந்து அலமாரியிலிருந்து தன் அகராதியை எடுத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மேஜைமேல் விரித்திருந்த பலகையிலிருந்து காய்களை எல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினார்.

“சதுரம் இருக்கு. ரங்கமும் இருக்கு. ஆடுங்க அண்ணாச்சி.”

அருளப்பன் வெறும் பலகையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“யானை, குதிரை, தேர், காலாள். சதுர்னா நாலு. படைக்கு நாலு அங்கம், அதனால சதுரங்கம். எந்த ‘ர’வும் எங்கயும் தொலையல. அதெல்லாம் எனக்குப் புரிஞ்சுட்டு. புரிஞ்சதனாலதான் தூக்கம் வரல.”

“அப்ப நான் வீணாத்தான் காயை அள்ளினேன்” என்றார் குரு. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். “எதனால தூக்கம் வரல? சொல்லுங்க.”

“இந்தப் பக்கத்தை எடுத்துட்டா மலர்ல அவன் பேரே இருக்காது. அப்படியே விட்டா, வெவரம் தெரிஞ்சவன் பூரா சிரிப்பான். மலர் வெளியீட்டு அன்னைக்கு அவன் பொஞ்சாதி முன்வரிசையில வந்து உக்காருவா. மக மெட்ராஸ்ல இருந்து வாரா. உசுரோட இருந்தா அவனே திருத்திக்கிடுவான். இப்ப வந்து திருத்த முடியுமா?”

நண்பனைக் காப்பாற்றினால் பொய், பொய்யை எடுத்தால் நண்பன் இல்லை. பாவம், அவர் எந்தப் பக்கம்தான் நிற்பார்!

“நீங்க என்ன செய்யலாம்னு இருக்கிய?”

“பேசாம விட்டுரலாமான்னு பாக்கேன். எவனுக்குத் தெரியப்போவுது?”

“உங்களுக்குத் தெரியுமே.”

“ஆமா.” தாளை நீட்டி, “அப்ப எடுத்துரட்டுமா?” என்றார்.

குரு அந்தத் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார்.

“பேரைப் பத்தின இந்த யோசனை அவருக்கு எப்படி வந்துச்சு அண்ணாச்சி?”

“நானும் அவனும் ஆடிக்கிட்டு இருந்தோம். நான் தோக்கப்போற நேரம். திடீர்னு, ‘ஏலே அருளு, சின்னப் புள்ளையில இருந்து ஆடுதோமே, இதுக்கு ஏம்ல இந்தப் பேரு?’ன்னான். எனக்குத் தெரியல. மாத்திரை வாங்க வந்த எடத்துல உங்ககிட்ட கேட்டோம். நீங்களும் தெரியலன்னுட்டிய. ஞாயித்துக்கெழம கடை அடைச்சதும் வாங்க, தேடிப் பாப்போம்னிய. டாக்டரும் சேந்துக்கிட்டாரு…”

அருளப்பன் நிறுத்தினார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“அப்படித்தான் இந்தக் கூட்டமே ஆரம்பிச்சுது” என்றார்.

“அவர் ரங்கம்னு சொன்ன அன்னைக்கு நீங்க கைதட்டினியளா?”

“கை வலிக்கத் தட்டினேன்.”

“நானும் தட்டினேன். டாக்டர் எந்திரிச்சு நின்னே தட்டினாரு. அகராதி இதே அலமாரியிலதான் இருந்துச்சு. நம்மள்ல ஒருத்தர் எடுத்துப் பாக்கல.”

அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப நான் என்ன போடட்டும் குருவம்மா?”

குரு தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுக்கும்படி அவருக்குக் கைகாட்டினார்.

“கேள்வியை அவர் பேருல போடுங்க” என்றார். “தப்பை நம்ம எல்லார் பேருலயும் போடுங்க.”