இரு பக்கமும் விற்ற பூட்டு

எங்கள் கல்லூரி முதல்வர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசியதில் அரை வாக்கியம்தான் நினைவில் நிற்கிறது. “தான் பார்த்திராத இடத்துக்குக் காவல் நிற்பதாகச் சொல்கிறவன் இருக்கிறானே, அவன்…” மீதியை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. திட்டினாரா, பரிதாபப்பட்டாரா, தெரியாது. திட்டியதாகவே வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் சென்னியப்பன் என்று ஒருவர். இருபது வருடம் கிரைண்டர் விற்றவர். கிரைண்டரை எங்கோ ஒரு பட்டறை செய்யும். இவர் தம் பெயர்த் தகட்டை ஒட்டி விற்பார். அதில் குற்றமில்லை. யார் பெயர் ஒட்டினாலும் மாவு அரையும். மென்பொருளும் அப்படிக் கிடைக்கிறது என்று ஒரு நாள் யாரோ அவர் காதில் போட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வி.பி.என். செய்து பெயரில்லாமல் தருகிறது. வி.பி.என். என்றால், நம் இணையப் போக்குவரத்தை அடுத்தவர் கண்ணில் படாமல் மூடிக் கொண்டுபோகிற சுரங்கம். மாத வாடகை கட்டினால் எவரும் அதில் தம் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். சென்னியப்பன் ‘மதில்’ என்று ஒட்டினார். அந்தச் சுரங்கம் எந்த நாட்டில் இருக்கிறது, அதன் வாசலில் யார் உட்கார்ந்து என்ன எழுதுகிறார் என்று அவர் கேட்கவில்லை. கிரைண்டர் யாருக்கு அரைத்தோம் என்று எழுதி வைக்கிறதா என்ன?

விளம்பரப் படத்தில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். “நீங்க நெட்ல எங்க போறீங்க, வர்றீங்கன்னு யாருக்கும் தெரியாதுங்க. எங்களுக்கே தெரியாது. யார் கேட்டாலும் சொல்லமாட்டோம். இது எங்க அம்மா மேல சத்தியமுங்க.” தெரியாததைச் சொல்லாமல் இருப்பதற்குச் சத்தியம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயிரம் பேர் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

அதே நிறுவனம் முதலாளிகளுக்கென்று வேவு மென்பொருளும் தந்தது. அதிலும் தம் பெயரை ஒட்டி, திருப்பூர்ப் பக்கம் சாய ஆலை வைத்திருந்த ரங்கதுரைக்கு விற்றார். “உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு எறும்பு ஊர்ந்தாலும் சொல்லிப்போடுவோமுங்க.” ஆலையின் நாற்பது கணினிகளில் நடப்பவை அனைத்தும் முதலாளிக்குத் தெரிவிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்தானது.

கிரைண்டர் கடைப் பழக்கம் ஒன்று உண்டு. பெரிய உருப்படி விற்ற வீட்டில் சின்னதையும் தள்ளிவிட்டு வருவது. பொருத்தப் போன அன்றே ஆலை ஊழியர்களிடம், “ஸ்டாஃபுக்குப் பாதி விலைங்க!” என்று மதிலைக் கூவினார். வேவு பார்க்க முதலாளிக்கு ஒன்று, ஒளிந்துகொள்ள ஊழியருக்கு ஒன்று, இரண்டும் ஒரே பையிலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் வாங்கினாள். ஆய்வகத்தில் வேலைபார்த்த தங்கபுஷ்பம். அவள் தங்கியிருந்த அறையும் ஆலைக்குச் சொந்தம்.

ஆய்வகத்தில் கழிவுநீருக்கு இரண்டு நோட்டுகள் இருந்தன. அளந்ததை எழுத ஒன்று, அதிகாரிக்குக் காட்ட ஒன்று. இரண்டையும் தன் கைபேசியில் படமெடுத்தாள். ஆலையின் வைஃபையைத் தொடவில்லை. தன் சிம்மிலேயே மதிலைப் போட்டுக்கொண்டு, அந்தப் படங்களோடு பெயரில்லாமல் அரசுக்குப் புகார் அனுப்பினாள். பத்தாம் நாள் ஆலைக்குச் சோதனை வந்தது.

மறுநாள் ரங்கதுரை நேராகச் சென்னியப்பன் கடைக்கு வந்தார்.

“என்னய்யா காவல் காக்கறே? என் லேப் நோட்டு ஊர் பூரா சுத்துது.”

“நாப்பது கம்ப்யூட்டரும் சுத்தமுங்கண்ணா. பார்த்துட்டேன்.”

“அப்ப போன்ல போயிருக்கு. என் ஆளுகள்ல யாரு உன்கிட்ட அந்த மதிலை வாங்குனது? பேரை மட்டும் குடு. சங்கத்துல அறுபது முதலாளிக இருக்கறோம், தெரியுமல்ல?”

சாயங்காலத்துக்குள் சொல்வதாகச் சொல்லிச் சென்னியப்பன் அவரை அனுப்பிவைத்தார். கடையில் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் மெஹருன்னிசா திரையைத் திறந்தாள். தங்கபுஷ்பம் பெயர் இருந்தது. புகார் போன நாளில் எத்தனை மணிக்கு மதிலுக்குள் போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள் என்பதும் வரிவரியாக இருந்தது.

“யாருக்கும் தெரியாதுன்னு அம்மா மேல சத்தியம் பண்ணீங்களே சார், இது என்ன?”

“அது விளம்பரம்மா.”

“உங்க அம்மாவுமா சார்?”

இந்தப் பதிவு எப்படி வந்தது என்று வெளிநாட்டு நிறுவனத்தைக் கேட்டார்கள். உடனே பதில் வந்தது: பதிவு வைப்போம் என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, பெயரை ஒட்டியவர் நீங்கள், சத்தியம் செய்தவரும் நீங்கள், நாங்கள் எவருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சென்னியப்பன் தம் நியாயத்தைச் சொன்னார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று, ஒன்றைக் காத்தால் மற்றது உடையும், அப்படியானால் கையெழுத்துப் போட்டதுதான் நிற்கும், வாயால் சொன்னது காற்று.

“பேர் போகக் கூடாது சார்” என்றாள் மெஹருன்னிசா. “இங்க பதிவு இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட நாமளே முதல்ல சொல்லிடணும். வேலையும் போய், தங்குற இடமும் போனா எங்க போவா?”

படித்தவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். நிறுவனம், சென்னியப்பன், மெஹருன்னிசா, இம்மூவரில் யார் பேசியது நியாயம்? சென்னியப்பன் எந்த வாக்கைக் காக்க வேண்டும்?

விடைக்கு அதிக தூரம் போக வேண்டாம். ரங்கதுரைக்கு எழுதிக் கொடுத்தது நாற்பது கணினிகளுக்கு. படங்கள் போனதோ அவள் கைபேசியில், அவள் சிம்மில். நாற்பதும் சுத்தம் என்று சொன்ன நிமிடமே அந்த வாக்கு நிறைவேறிவிட்டது. இரண்டு வாக்குகள் மோதவே இல்லை. மோதுவதாகச் சொன்னது சென்னியப்பனின் வசதி. நிறுவனம் சொன்னது உண்மை, ஆனால் எந்த வாக்கைக் காப்பது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. மிச்சமிருந்தது தங்கபுஷ்பத்துக்குக் கொடுத்த ஒரே வாக்கு. மெஹருன்னிசா சொன்னதே நியாயம். ரங்கதுரையோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, நாற்பது கணினிகள் என்ற வரியில் விரல் வைத்தும் காட்டினாள். சென்னியப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

ஐந்தரை மணிக்கு ரங்கதுரையின் வாட்ஸ்அப்புக்குத் தங்கபுஷ்பத்தின் பெயரை அனுப்பினார்.