பலகைக் கம்புக்கும் ஒரு பலகை

பொதிகை மலைக்குக் கிழக்கே ஒரு கல்லூரி. கல்லூரிக்குப் பின்னால் ஒரு காடு. கல்லூரியின் பெயரைச் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மரங்களின் பெயரைச் சொன்னால் மரங்கள் கோபித்துக்கொள்ளாது. வேம்பு, புங்கம், மருது, இலுப்பை, உசிலை, வெப்பாலை, வாகை, இன்னும் என்னென்னவோ.

அங்கே தோட்ட வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். தளவாய்க்கு மீசை பெரியது. அதனால் அவர்தான் மேஸ்திரி. மூக்காண்டிக்குக் குரல் பெரியது. அதனால் பேச்செல்லாம் அவன். பிச்சைக்கனிக்கு எதுவுமே பெரியதில்லை. அதனால் வேலையெல்லாம் அவன். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கல்லூரித் தாளாளருக்கு அந்தக் காட்டைக் கண்டால் ஆகாது. வழித்து எறிந்துவிட்டு ஒரு கலையரங்கம் கட்டவேண்டும் என்று ஆசை. "பேரு தெரியாத முள்ளும் புதரும், அதை எதுக்கு வச்சுக்கிட்டு?" என்பார். தாவரவியல் பேராசிரியை மரகதவல்லிக்கோ அந்தக் காடுதான் உயிர். இருவரும் மோதிக்கொண்டதில், வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று ஆயிற்று. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப் பலகை இருந்தால் காடு பிழைக்கும். பெயரில்லாத மரம் ஒன்று இருந்தாலும் தாளாளர் சொன்னதுதான் சரி, வெட்டலாம்.

பேராசிரியை ராப்பகலாகப் பலகை எழுதினார். அந்தந்தப் பலகையில் அந்தந்த மரத்தின் இலை ஒன்றையும் நூலால் கட்டினார். மூவரையும் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பலகையில உள்ள இலை எந்த மரத்துல இருக்கோ, அங்க அந்தப் பலகை. புரியுதா?"

"புரியுது மேடம்," என்றார் தளவாய்.

"மரத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க. அதுக்கும் உயிர் இருக்கு. காட்டுக்குள்ள ஒரு கிளையை ஒடிக்கக் கூடாது. அங்க நிக்கிறது ஒவ்வொண்ணுக்கும் தினமும் தண்ணி ஊத்தணும்."

"செஞ்சிரலாம் மேடம்."

மறுநாள் பேராசிரியை போய்ப் பார்த்தார். ஓடைக்கரையில் இடி விழுந்து பட்டுப்போன ஒற்றை மரம் ஒன்று நின்றது. எல்லாப் பலகையையும் அதன்மேல் சாத்தி வைத்திருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி இது? இது என்ன மரம்?"

"எல்லா மரமும் மேடம்," என்றார் தளவாய் பணிவாக.

மூக்காண்டி விளக்கினான். பலகையில் கட்டிய இலையெல்லாம் சாயங்காலத்துக்குள் காய்ந்து பழுப்பாகிவிட்டது. பழுப்பு இலையுள்ள மரத்தைக் காடு முழுக்கத் தேடினார்கள். இது ஒன்றில்தான் இருந்தது. "மத்த மரமெல்லாம் இன்னும் பழுக்கல மேடம். பழுத்ததும் மாத்தி வச்சிருதோம்."

பேராசிரியை கண்ணை மூடித் திறந்தார். "காய்ஞ்ச இலையைப் பாக்காதீங்க அண்ணாச்சி. உச்சியில பச்சையா என்ன இலை இருக்குன்னு பாருங்க. உச்சியில என்ன பச்சை இலையோ, அதுதான் அந்த மரம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்று மூக்காண்டி வருத்தப்பட்டான்.

பேராசிரியை உடனிருந்து எந்த மரத்துக்கு எந்தப் பலகை என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார். பலகையை மாட்டுவது எப்படி? அதுதான் அடுத்த யோசனை.

"ஆணி கூடாது. கயித்தால கட்டுவோமா?" என்றான் பிச்சைக்கனி.

"கட்டுனா மரத்துக்கு வலிக்குமா வலிக்காதா?" என்றார் தளவாய்.

"மரத்துக்கிட்டதான் கேக்கணும்."

"மரம் சொல்லாதுடே. நீ சொல்லுவே."

பிச்சைக்கனியை வராந்தாத் தூணோடு சேர்த்து நிறுத்திக் கயிற்றால் இறுக்கினார்கள். "வலிக்கா?" என்றார் தளவாய். "வலிக்கல அண்ணாச்சி, மூச்சுதான் முட்டுது," என்றான். மரமும் மூச்சு விடும் என்று பேராசிரியை ஒருநாள் சொல்லியிருக்கிறார். ஆகவே கயிறும் கூடாது. முடிவு கிடைத்த திருப்தியில் இருவரும் சாப்பிடப் போனார்கள். பிச்சைக்கனியை அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவன் அங்கேயே நின்று பேராசிரியையின் வகுப்பை ஜன்னல் வழியாகக் கேட்டான். அன்றைக்குப் பாடம் வேரைப் பற்றி. அவன் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டான் என்று சொல்வார்கள்.

கடைசியில் கவட்டைக் கம்பு நட்டு, கவட்டையில் பலகையைச் செருகுவது என்று ஏற்பாடாயிற்று. கம்புக்கு எங்கே போவது? காட்டுக்குள் கிளையை ஒடிக்கக் கூடாது. தாளாளர் பங்களா காட்டுக்குள் இல்லையே! அதன் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், கூடாரம் போட்ட மாதிரி ஒரு பூவரசு. கவட்டை கவட்டையாக, அளவெடுத்து வளர்ந்த மாதிரி கிளைகள்.

வெளியூர் போயிருந்த தாளாளர் திரும்பி வந்தபோது பூவரசு மொட்டைத் தூணாக நின்றது.

"ஏலே, எவம்லே வெட்டுனது?"

"நாங்கதான் முதலாளி," என்றான் மூக்காண்டி பெருமையாக. "காட்டுல கை வைக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாவ."

"காரை எங்கலே நிப்பாட்ட?"

தளவாய் மீசையைத் தடவி யோசித்தார். "காட்டுக்குள்ள நல்ல நிழல் இருக்கு முதலாளி. அதை மட்டும் வெட்டிராம பாத்துக்கிடுங்க."

தாளாளருக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு அதிக அதிர்ச்சி வந்தால் அப்படித்தான். கண் திறந்தபடி, வாய் திறந்தபடி, அப்படியே நின்றுவிடுவார். காரோட்டி வந்து தோளைத் தொட்டால்தான் அசைவார்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மழை விடவே இல்லை. குழு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. மூவரும் மட்டும் நிற்கிற ஒவ்வொன்றுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். மரத்துக்கும் ஊற்றினார்கள், கம்புக்கும் ஊற்றினார்கள். மழை பெய்யும்போதும் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் எது, பெய்த தண்ணீர் எது என்று குழப்பம் வரக் கூடாதல்லவா? அதனால் மூக்காண்டி கம்புக்குக் குடை பிடிப்பான். பிச்சைக்கனி குடைக்குள் தலையை விட்டு ஊற்றுவான். நான் கதை சொல்லும்போது இந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பூவரசைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். வெட்டி நட்டால் போதும், அது பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காலையில் வேம்புக்கு முன்னால் நின்ற கம்பின் உச்சியில் இதயம் போல இரண்டு பச்சை இலை.

மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, இது கம்பா, மரமா?"

"உச்சியில என்ன இருக்கு?"

"பச்சை இலை."

"என்ன இலை?"

"பூவரசு இலை."

"அப்ப அது பூவரசு மரம்."

"ஆனா பலகையில வேம்புன்னுல்ல எழுதியிருக்கு?"

தளவாய்க்கு வேர்த்தது. "பாவம்டே. ஒருத்தன் பலகையை இன்னொருத்தன் சுமந்துக்கிட்டு நிக்கான். அவனுக்குன்னு ஒரு பலகை வேண்டாமா?"

நியாயமான கேள்வி. பூவரசுக்கு ஒரு பலகை எழுதினார்கள். அதைச் செருக ஒரு கவட்டைக் கம்பு நட்டார்கள். அதற்கும் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் துளிர்த்தது. அதற்கும் ஒரு பலகை, அதற்கும் ஒரு கம்பு. அந்தக் கம்பும் சும்மா இருக்கவில்லை.

கம்புக்குப் பஞ்சமில்லை. தாளாளர் வீட்டுப் பூவரசு வெட்ட வெட்டத் துளிர்த்தது. பலகைதான் தட்டுப்பாடு. பேராசிரியை ஏதோ நினைப்பில், "பழைய பலகை எதுவானாலும் போதும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரியில் பெஞ்சுகளைவிடப் பழையது எதுவும் இல்லை. கணிதத் துறை மாணவர்கள் முதலில் சாய்மானத்தை இழந்தார்கள். பிறகு நின்றுகொண்டே படித்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் தூறலுக்கு நடுவே குழு வந்து இறங்கியது. தலைவர் ஒரு வயதான மனிதர், கையில் குடை. ஒரு பக்கம் பேராசிரியை, நகத்தைக் கடித்தபடி. மறுபக்கம் தாளாளர், வழுக்கைத் தலையில் மழை வழிய, சிரித்தபடி.

"இது வேம்பு. பலகை இருக்கு," என்றார் தலைவர். "இது பூவரசு. பலகை இருக்கு. அடுத்தது பூவரசு. பலகை இருக்கு. அடுத்ததும் பூவரசு..." நின்று திரும்பினார். "என்னய்யா, வரிசையா பூவரசாவே இருக்கு?"

"முதல் பூவரசு வேம்புக்குப் பலகை பிடிக்குது ஐயா," என்றார் தளவாய். "ரெண்டாவது, முதல் பூவரசுக்குப் பிடிக்குது. அடுத்தது அதுக்கு."

"இது எங்கதான் முடியும்?"

"மழை நின்னா முடியும் ஐயா."

புங்கத்திலிருந்து ஒரு வரிசை, மருதிலிருந்து ஒரு வரிசை, இலுப்பையிலிருந்து ஒரு வரிசை. காடு தன் எல்லையைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, கணிதத் துறை வாசல்வரை வந்திருந்தது. குழு பலகை பலகையாகப் படித்துக்கொண்டே நடந்தது. பெயரில்லாத மரம் ஒன்றுகூட இல்லை. பேராசிரியைக்கு மூச்சு வந்தது.

தாளாளர் மட்டும் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். வரிசையின் கடைசியில் நின்று துள்ளிக் குதித்தார்.

"இந்தா பாருங்க! இந்தா நிக்கி ஒரு மரம்! பலகை இல்லாத மரம்! பேரு தெரியாத மரம்!"

எல்லோரும் ஓடினார்கள். கடைசிக் கம்பு. உச்சியில் பொடிசாக ஒரு பச்சைத் துளிர். முன்னால் பலகை இல்லை. பேராசிரியை அருகில் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் தளவாயைப் பார்த்தார். "இதுக்குப் பலகை எங்க?"

"ஐயா, நேத்துச் சாயங்காலம் வரைக்கும் இது கம்பு. விடியக்காலையிலதான் மரமாச்சு."

"அதனால?"

தளவாய் தலைவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே! "பொறந்த அன்னைக்கே யாராவது பேரு வைப்பாவளா ஐயா? தீட்டுக் கழிய வேண்டாமா?"

மூக்காண்டியும் சேர்ந்துகொண்டான். "உங்க வீட்டுல எப்படியோ. எங்க ஊருல தொட்டில்ல போட்டுத்தான் பேரு வைக்கிறது."

தலைவரின் குடை குலுங்கியது. குலுங்கிக் குலுங்கி மடங்கியே போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரிதான்யா. நம்ம பக்கத்து வழக்கம் அதுதான். காடு இருக்கட்டும். தாளாளரே, கம்பைக்கூட மரம்னு முதல்ல ஒத்துக்கிட்டது நீங்கதான். அதையும் எழுதிக்கிடுதேன்."

பேராசிரியை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். குழுவினரைக் காபி குடிக்க அழைத்துக்கொண்டு போனார். காரோட்டியும் காபி என்ற சொல்லைக் கேட்டு அவர்கள் பின்னால் போய்விட்டான்.

தாளாளர் மட்டும் போகவில்லை. கண் திறந்தபடி, வாய் திறந்தபடி, கை நீட்டியபடி, மழையில் அப்படியே நின்றார். ஒரு காற்று அடித்தது. பக்கத்துப் பூவரசிலிருந்து ஒரு பச்சை இலை சுழன்று வந்து அவர் வழுக்கையின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டது.

குடத்தோடு வந்த மூவரும் நின்றார்கள். மூக்காண்டி குடையை அவர்மேல் பிடித்தான். பிச்சைக்கனி ஒரு குடம் தண்ணீரைக் காலடியில் ஊற்றினான். தளவாய் அண்ணாந்து உச்சியைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தார்.

"பூவரசுதான். நேத்து இது இங்க இல்லியே?"

"மழை பலமா இருக்குல்லா அண்ணாச்சி. சீக்கிரமா வளந்திருச்சி."

"பேரு வைக்க நாள் ஆகட்டும்னு சும்மா இருப்போமா?"

"இது பொறந்து ரொம்ப நாளான மாதிரி தெரியுது அண்ணாச்சி. வயித்தைப் பாருங்க."

"அப்ப உடனே வைக்கணும்டே. குழு காபி குடிச்சிட்டுத் திரும்பி வந்தா மேடத்துக்குத் தலைகுனிவு."

பிச்சைக்கனி பலகைக்கு ஓடினான். வெட்டி வைத்திருந்த கம்பு தீர்ந்து போயிருந்தது. அதனால் ஒரு கையில் 'பூவரசு' என்று எழுதிய பலகையும், மறு கையில் சுத்தியலும், வாயில் நீளமான ஆணி ஒன்றுமாக வந்து நின்றான்.

தளவாய் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டார். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"ஏலே, ஆணி அடிச்சிராதேடே! மேடம் சொன்னது மறந்து போச்சா? அதுக்கும் உயிர் இருக்கு!"