மல்லாந்து கிடக்கும் சீட்டுகள்

நீலாயதாட்சியின் ஆசிரமம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சமையலறை. குக்கர் விசிலடித்தால் பாடம் நிற்கும், அடங்கினால் தொடரும். கல்லூரியில் நிகழ்தகவு கற்பிக்கும் அவருக்கு வயது நாற்பதை எட்டவில்லை. அவரிடம் சீட்டாட்டம் பயில வந்த பல் மருத்துவர் அறவாழி ஐம்பதைக் கடந்தவர். தம்மைவிட இளைய பெண்ணை ‘டீச்சர்’ என்று அழைக்க அவருடைய நாக்கு முதல் வாரம் மறுத்தது. போதுமான அளவு தோற்றபின் இணங்கியது.

எல்லாரும் ஆடும் போக்கரில் அறவாழி வல்லவர். அவர் பயில வந்தது ராஸ் என்னும், அதிகம் பேர் அறியாத வகை. அதில் பெரிய சீட்டு பாரம்; ஏஸ்தான் எல்லாவற்றிலும் சிறியது. ஏழு சீட்டுகளில் மிகச் சிறிய ஐந்தை உடையவர் வெல்வார். ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் ஊரே பார்க்க மல்லாந்து கிடக்கும். மூன்று கவிழ்ந்திருக்கும், அவரவர் கண்ணுக்கு மட்டும்.

இணையத்தில் சில்லறைக் காசுக்கு ஆடும் மேசைகளைத் தாண்டக் கூடாது என்பது நீலாயதாட்சியின் விதி. தாமும் தாண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அறவாழி வந்தார். மடிக்கணினியைத் திறக்காமலே பேசினார்.

“டீச்சர், திங்கட்கிழமை கிளினிக்கில் என் பங்கை விற்றுக் கையெழுத்துப் போடப்போகிறேன். இனி முழுநேரமும் ஆட்டம்தான். பெரிய மேசைகளில். நான் தயாரா? நீங்கள் ஆம் என்றால் கையெழுத்து.”

“இல்லை என்றால்?”

“ஆம் என்பீர்கள் என்றுதான்…”

“பல்லைப் பிடுங்கும்போதும் இப்படித்தானா, டாக்டர்? குறடை வாய்க்குள் விட்டபிறகா சம்மதம் கேட்பீர்கள்?”

அறவாழி சிரித்தார். நீலாயதாட்சி சிரிக்கவில்லை.

“ஆடுங்கள். பார்க்கிறேன்.”

அறவாழி மடிக்கணினியைத் திறந்து ஆடத் தொடங்கினார். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு ஏஸ், இரண்டு, மூன்று வந்தன. முகம் மலர்ந்தது. கடைசிவரை பந்தயத்தை உயர்த்திக்கொண்டே போனார். தோற்றார்.

“அருமையான சீட்டு, டீச்சர். அதிர்ஷ்டம்தான் இல்லை.”

“அடுத்து உங்களுக்கு எது வேண்டியிருந்தது?”

“நான்கு. அல்லது ஐந்து.”

“சீட்டுக்கட்டில் அவை எத்தனை மிச்சம் இருந்தன?”

அறவாழி திரையைப் பார்த்தார். நான்கும் ஐந்தும் எதிராளிகள் முன்னே வரிசையாக மல்லாந்து கிடந்தன. அவர் அவற்றை எண்ணியிருக்கவில்லை.

நீலாயதாட்சி எழுந்துபோய், மிளகாய்த்தூள் டப்பாவில் ஒட்டுவதற்காக வைத்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு துண்டு கிழித்துவந்தார். அறவாழியின் கவிழ்ந்த சீட்டுகள் தெரியும் இடத்தில், திரையின்மேல் ஒட்டினார்.

“இப்போது ஆடுங்கள்.”

“என் சீட்டே எனக்குத் தெரியாதே!”

“மற்றவர்களுக்கும் உங்கள் சீட்டு தெரியாது. அவர்கள் ஆடவில்லையா?”

அறவாழிக்கு வியர்த்தது. கண்கள் மீண்டும் மீண்டும் வெள்ளைத் தாளுக்கே போயின. அங்கே ஒன்றும் இல்லாததால் வேறு வழியின்றி மேசைமேல் அலைந்தன. சற்று நேரத்தில் அவர் முணுமுணுக்கத் தொடங்கினார். “இவர் பெரிய சீட்டு விழுந்தவுடன் தயங்குகிறார்… இந்த எட்டுக்காரர் சும்மா மிரட்டுகிறார்…”

ஒருமுறை அவர் முன்னே ஒரு மூன்றாம் எண் சீட்டு மல்லாந்திருந்தது. மற்றவர்களிடம் ஜாக்கி, ராணி, பத்து. பந்தயத்தை உயர்த்தினார். எல்லாரும் விலகினார்கள். தாளைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு ராஜா.

“குப்பை, டீச்சர்! குப்பையை வைத்துக்கொண்டு ஜெயித்திருக்கிறேன்!”

“மெல்ல. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.”

பிறகு ஒருமுறை அவர் முன்னே ஒன்பது விழுந்தது. எதிரே இரண்டு, நான்கு, ஐந்து. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் பந்தயத்தை ஏற்றினார்கள். அறவாழி தயங்காமல் விலகினார். விலகியவர் ஆசையை அடக்கமாட்டாமல் தாளைத் தூக்கினார். ஏஸும் மூன்றும் மங்கலாகத் தெரிந்தன. முகம் தொங்கிப்போயிற்று.

“விலகியது தவறா?” என்று நீலாயதாட்சி கேட்டார்.

“இல்லை. மூன்று சின்னச் சீட்டுகளுக்கு எதிரே ஒன்பதோடு நிற்க முடியுமா?”

“பிறகு ஏன் முகம் இப்படி?”

“பார்த்துவிட்டேனே, டீச்சர்.”

குக்கர் விசிலடித்தது. நீலாயதாட்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அறவாழி நிமிர்ந்தார். “இன்று ஆடியதுபோல நான் என்றும் ஆடியதில்லை. உங்களுக்கே தெரியும். இப்போது சொல்லுங்கள். விற்கலாமா?”

“ஏன் விற்கவேண்டும்?”

“எனக்குச் சலித்துவிட்டது. எனக்கு முதுகு வலிக்கிறது. எனக்கு இந்த ஆட்டம் வருகிறது. எனக்கு இன்னும் காலம் இருக்கிறது.”

“பூங்கோதைக்கு?”

பூங்கோதை அவருடைய மனைவி. கிளினிக் திறந்த நாள்முதல் அதன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர். ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகள் மருத்துவரைத் தேடுவதில்லை, அவரைத்தான் தேடும்.

“அவளிடம் இன்னும் கேட்கவில்லை. விற்பனைப் பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.”

“பார்த்தாரா?”

“பார்க்காமல் என்ன? தினமும் அந்த மேசையைத் துடைக்கிறாள். பத்திரத்தைத் தொடுவதில்லை. அதைச் சுற்றித் துடைக்கிறாள்.”

“வேறு?”

“அவளுடைய தட்டு எப்போதும் என் தட்டுக்கு எதிரே இருக்கும். இப்போது அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள்.”

“வாய்திறந்து ஏதாவது சொன்னாரா?”

“ஒரு வார்த்தை இல்லை.”

“அப்படியானால் அவர் மனத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியாது.”

அறவாழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்ன பேசுகிறீர்கள், டீச்சர்? இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது? வேண்டாம் என்கிறாள். என்னைக் கேட்காமல் செய்யாதே என்கிறாள். குருடனுக்கும் தெரியும்!”

நீலாயதாட்சி மடிக்கணினியை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

“நன்றாகத்தான் பார்க்கிறீர்கள், டாக்டர். பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் எதற்குக் கொண்டுவந்தீர்கள்?”