ஏழு மண்டலம் அடுப்பெரியாத ஊர்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாற்றூர்க் கோட்டையைச் சிம்ம பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சிரிப்பு வந்தால் ஊரையே தூக்கிக் கொடுப்பார். கொட்டாவி வந்தால் ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே முத்திரை குத்துவார்.

அந்த நாட்டில் புது விதி போட ஒரு முறை இருந்தது. முப்பது நாள் தெருத்தெருவாகத் தண்டோரா போட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் சபைக்கு வந்து சொல்லலாம். அதைக் கேட்ட பிறகுதான் முத்திரை. வெள்ளம், தீ என்று அவசரம் வந்தால் மட்டும் யாரையும் கேட்காமல் போடலாம். ஆனால் அந்த விதிக்கு ஆயுள் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். என்ன ஆபத்து என்ற காரணத்தையும் சேர்த்தே தண்டோரா போட வேண்டும்.

ஒரு சித்திரையில் யானைக் கொட்டாரத்து வைக்கோற்போர் பற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் பாதி சாம்பலானது. மறுநாளே அவசர விதி வந்தது: ‘எந்த நொடியும் ஊர் தீப்பிடிக்கலாம். அரண்மனையும் தப்பாது. ஆகையால் கோட்டைக்குள் எந்த வீட்டிலும் அடுப்பெரியக் கூடாது.’ எழுதியவர் ராஜாவின் ஆணைகளை ஓலையில் எழுதும் தலைமை அதிகாரி, ஓலைநாயகம் அனந்தகூத்தர். அரண்மனைக்கும் சத்திரத்துக்கும் மட்டும் விலக்கு. சத்திரத்தை நடத்தியவன் அவருடைய மைத்துனன்.

தேரடியில் ஆப்பம் சுட்டு விற்ற செம்பாயிக்கு அன்றோடு பிழைப்பு போயிற்று. ஒரு மண்டலம்தானே என்று சத்திரத்துச் சோற்றை வாங்கித் தின்று நாளைக் கடத்தினாள். நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் அடுப்பை மெழுகி வைத்தாள். விடிந்ததும் தண்டோரா வந்தது. அதே விதி, அதே காரணம், புது முத்திரை.

இப்படியே நாலு மண்டலம் போயிற்று. ஐந்தாவது மண்டலத்தில் ஊரே அடைமழையில் ஊறிக் கிடந்தபோது, பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பூவாத்தாளுக்குப் பிள்ளை பிறந்தது. அன்றிரவே தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வெந்நீர் வேண்டும், கஷாயம் வேண்டும். செம்பாயி துணிந்து அடுப்பை மூட்டினாள். புகையைப் பார்த்துவிட்டு வந்த காவலர்கள் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

செம்பாயி மழையில் நனைந்துகொண்டே அரண்மனை வாசலுக்கு ஓடினாள். பல்லக்கில் வெளியே வந்த அனந்தகூத்தர் திரையைக்கூட விலக்கவில்லை. “அவசர விதிக்கு ஆட்சேபம் கேட்கிற வழக்கம் இல்லை” என்றார்.

மூன்றாம் நாள் பூவாத்தாள் போய்விட்டாள். பச்சைக் குழந்தையைச் சம்பந்தி வீட்டார் எடுத்துக்கொண்டு போனார்கள். செம்பாயி யாரோடும் பேசாமல் இரண்டு மாதம் கிடந்தாள்.

அனந்தகூத்தருக்குத் தன்னைவிடப் புத்திசாலி ஒருவன் சபையில் இருப்பது பிடிக்காது. இருந்த புலவர்களையெல்லாம் ஏதாவது குற்றம் சொல்லித் துரத்தியிருந்தார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ராஜாவுக்குப் பொழுது போகவில்லை. தைப் பௌர்ணமியில் ஒரு பந்தயம் அறிவித்தார். யார் வேண்டுமானாலும் ஓலைநாயகத்திடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவர் வாயடைத்துப் போனால் முத்துமாலை. பதில் சொல்லிவிட்டால் கேட்டவருக்குப் பத்துச் சாட்டையடி.

செம்பாயி வந்து நின்றதைப் பார்த்துச் சபை சிரித்தது.

“ஆப்பக்காரியா? கேள்” என்றார் அனந்தகூத்தர்.

“சாமி, எந்த நொடியும் ஊர் தீப்பிடிக்கும், அரண்மனையும் தப்பாது என்று ஏழு தடவை தண்டோரா கேட்டாகிவிட்டது. அது மெய்தானே?”

“விதி பொய் சொல்லுமா? மெய்தான். இதுதான் உன் கேள்வியா?”

“இல்லை சாமி, இது பீடிகை. கேள்வி இனிமேல்தான். மேலே தேக்கு விட்டம். சுற்றிலும் பட்டுத் திரை. நடுவே நூறு எண்ணெய் விளக்கு. எந்த நொடியும் பற்றும் என்று தெரிந்தே ராஜாவைப் பத்து மாதமாக இதற்குள் உட்கார வைத்திருக்கிறீர்களே, அது என்ன எண்ணத்தில்?”

ராஜா மெல்ல அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

அனந்தகூத்தர் வாயைத் திறந்தார், மூடினார். ஆபத்து உண்டு என்றால் ராஜத் துரோகி. இல்லை என்றால் பொய்யன்.

“சொல்லும்” என்றார் ராஜா.

“மகாராஜா, காரணம் என்று ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று எழுதியதுதான். தீ பயமெல்லாம் முதல் மழையோடு போயிற்று.”

“அப்படியென்றால் நான் எதற்கு முத்திரை வைத்தேன்?”

ராஜா திடீரென்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அனந்தகூத்தரின் தலைப்பாகையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற எழுத்தர் தலையில் வைக்கச் சொன்னார், அடுப்பு விதியை ரத்து செய்தார், முத்துமாலையைத் தாமே எடுத்து நீட்டினார்.

“இவ்வளவு புத்தியுள்ளவள் முன்பே வந்திருக்கக் கூடாதா?”

“வந்தேன் மகாராஜா. கார்த்திகை மழையில் வந்தேன். ஆட்சேபம் கேட்பதில்லை என்றார்கள். அன்றைக்கு என் மகள் உயிரோடு இருந்தாள்.”

ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. அவருக்குச் சங்கடம் பிடிக்காது. புது ஓலைநாயகத்தைப் பார்த்துச் சொன்னார்: “அனந்தகூத்தர் வீட்டில் இனி அடுப்பெரியக் கூடாது. எழுது.”

“முப்பது நாள் தண்டோரா போட்டு...”

“அவசரம் என்று போடு.”

“காரணம், மகாராஜா?”

“பழையதையே எழுது.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. “மகாராஜா, அந்த வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல்...” என்று செம்பாயி தொடங்கினாள். ராஜா அதற்குள் கோழிச்சண்டை பார்க்க எழுந்து போயிருந்தார்.

மறுநாள் ஊரெல்லாம் கூரைக்கு மேல் புகை எழுந்தது. ஒரு வாசலில் மட்டும் இரண்டு காவலர்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். செம்பாயி முதல் ஈடு ஆப்பத்தை இலையில் மூடி அங்கே எடுத்துப் போனாள். இரக்கம் என்று சொல்ல முடியாது. அந்தக் குடத்தைக் கண்ட பிறகு அவளால் தேரடிக்குப் போக முடியவில்லை.

“உள்ளே கொண்டுபோக உத்தரவு இருக்கிறதா?” என்றான் காவலன்.

“விதி அடுப்பைத்தான் சொல்லுது. ஆப்பத்தைச் சொல்லலை.”

அவன் யோசித்துவிட்டு விலகினான். அனந்தகூத்தரின் மனைவி இலையை வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இது எத்தனை நாளைக்கு அக்கா?”

“ஒரு மண்டலம் என்று சொல்லுவார்கள்” என்றாள் செம்பாயி.